கிளிக்கடையில் அப்பாவுக்கு எதிரே

சனிக்கிழமைதோறும் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு அப்பாவோடு பியர் கடைக்குப் போன என் அம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கோயில் மலரில் போட உன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். அன்பும் பொறுமையும் நிறைந்தவர் என்று எல்லோரும் எழுதுகிற மாதிரி எழுதிப் பார்த்தேன். படித்துப் பார்த்தால் அது பக்கத்து வீட்டு அம்மா மாதிரி இருந்தது. உனக்கு எங்கே பொறுமை இருந்தது? கிழித்துப் போட்டுவிட்டு, மலரில் போட உன்னிடமே பேசிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதுவும் பர்மாப் பள்ளிக்கூடம். நீ கோயில் வகுப்புக்குக் கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைத்த தமிழ்தான் இது. ஆள் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது ஒட்டிக்கொள்வதில்லை. அப்பாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. யாராவது படித்துக் காட்டினால் காட்டட்டும்.

நம் தாமுவேப் பேட்டை அப்படியேதான் இருக்கிறது. நம் கூரையிலிருந்து புயலில் பறந்த தகரத்துக்குப் பதிலாகக் கட்டிய தார்ப்பாய் இன்னும் தார்ப்பாயாகவே இருக்கிறது. நான் சந்தைக்குப் பக்கத்துத் தையல்கடையில் லுங்கி மூட்டுகிறேன். துணி எடுக்கிறவர்கள் நின்று மூட்டி வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறார்கள். வாய் திறக்க வேண்டிய வேலை இல்லை. மிஷின் பேசிக்கொள்ளும்.

மலரைப் படிக்கிறவர்களுக்குக் கிளிக்கடை என்றால் தெரியாது. அதைச் சொல்லிவிடுகிறேன். யாங்கோனைச் சுற்றி ரயில் பாதை ஒரு வளையம் போட்டிருக்கிறது. தாமுவேயில் ஏறினால் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் தாமுவேக்கே வந்து இறங்கலாம். அந்த வளையத்தில் அங்கங்கே, ஸ்டேஷனை ஒட்டி, பச்சைக்கிளி படம் போட்ட பலகையோடு பியர் கடைகள் உண்டு. எல்லாம் ஒரே முதலாளியுடையது. பர்மா பாஷையில் அதற்கு வேறு பெயர். நம் வீட்டில் கிளிக்கடை.

ரயில் ஷெட்டில் அப்பா பிட்டர் என்பதால் உங்கள் இருவருக்கும் ரயில் ஓசி. சனிக்கிழமை மதியம் கிளம்புவீர்கள். ஒரு வாரம் இன்சீன், ஒரு வாரம் மிங்கலாடோன், ஒரு வாரம் க்யிம்யிண்டைங். சில சமயம் சனிக்குப் பதில் ஞாயிறு. இன்சீன் கிளியில் வேர்க்கடலை நன்றாக இருக்கும். மிங்கலாடோன் கிளியில் நாற்காலி ஆடும். க்யிம்யிண்டைங் கிளியில் ஆற்றுக்காற்று. ஒரே கம்பெனி பீப்பாய்தான், ஆனால் ஊருக்கு ஊர் ருசி மாறுகிறது என்று அப்பா சாதிப்பார். “மாறுறது பியரு இல்ல, உங்க நாக்கு” என்பாய் நீ. எப்போதும் எலுமிச்சை ஜூஸ் குடித்த உனக்கு அது எப்படித் தெரியும் என்று அவர் கேட்டதே இல்லை.

தெருவில் பேசினார்கள். புருஷனோடு பியர் கடையில் உட்காருகிறவள் என்று பேசினார்கள். நீ குழாயடியில் வைத்தே பதில் சொன்னாய். “ஆமா, உட்காருறேன். தனியா போக விட்டா சாக்கடையில தேடி எடுக்கணும். கூடப் போனா மனுஷன் ரயில்ல வர்றாரு.”

அது நடந்த கதைதான். ஒருமுறை உண்மையாகவே சாக்கடை ஓரத்திலிருந்து அவரைத் தூக்கி வந்தாய். மறுநாள் காலை அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நீ திட்டுவாய் என்று நான் காத்திருந்தேன். நீ திட்டவில்லை. “குடிக்காதீங்கன்னு சொல்லல. குடிச்சா என் எதிர்ல உட்கார்ந்து குடிங்க. வாரத்துக்கு ஒருக்கா. ஒரே கிளாஸு. தட்டுல திங்க ஏதாவது இருக்கணும்.” அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் நாள் நீ செருப்பைக் கழற்றினாயே, அதை அப்பா எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பார்! கடையில் பரிமாறுகிறவரைக் கூப்பிட இங்கே உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரிச் சத்தம் போடுவார்கள். ஜியாவடி வயல்காட்டில் வளர்ந்த உனக்கு அது தெரியாது. பின் மேஜையில் ஒருவர் ‘இச் இச்’ என்றதும் உன்னைத்தான் என்று நினைத்து, செருப்பும் கையுமாகத் திரும்பினாய். அந்த மனிதர் பயந்து எழுந்து கும்பிட்டாராம். அடுத்த மாதமே கடையில் எல்லோரையும் விடச் சத்தமாகக் கூப்பிடுகிறவள் நீதான் ஆனாய்.

இன்னொன்று உன்னுடைய ‘சா’. பர்மா பாஷையில் ‘சா’ என்றால் தின்னு. நம் பாஷையில் அதே ‘சா’ என்றால் செத்துப் போ. தட்டை வைக்கிறவர் மரியாதையாக “சா பா” என்று சொல்லிவிட்டுப் போவார். நீ தட்டை அப்பா பக்கம் தள்ளுவாய். “குடிக்கிறவனுக்கு ரெண்டு சாவும் பொருந்தும். தட்டுல உள்ளத எடுத்தா பர்மாச் சா. எடுக்காட்டி தமிழ்ச் சா. எது வேணும்?” அப்பா பயந்த மாதிரி நடித்துக்கொண்டு கடலையை அள்ளுவார்.

இதெல்லாம் நீங்கள் வீட்டுக்கு வந்து சொன்னது. நான் ஒருநாளும் வந்ததில்லை. “வெட்கத்த வீட்டுல பூட்டிட்டு வாடி” என்று கூப்பிடுவாய். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

மழைக்காலக் காய்ச்சலில் நீ போனாய். அதற்குப் பிறகு அப்பா ரயில் ஏறவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் விற்கிற வெள்ளைச் சாராயத்தை வாங்கி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து குடித்தார். சோறு போட்டு வைத்தால் அப்படியே இருக்கும். கை நடுங்க ஆரம்பித்தது. ஷெட்டில் இன்னொரு முறை இப்படி வந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கியாக்டடாவிலிருந்து அத்தை வந்தாள். அவள் கெட்டவள் இல்லை, நீயே சொல்வாய். தன் அண்ணனைப் பார்த்து அழுதுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“உங்கப்பன் அழியறத நீ உட்கார்ந்து பாத்துக்கிட்டிருக்கணுமாடி? துணிமணிய எடு. எங்கூட இரு. மாப்பிள்ளை நான் பாக்குறேன்.”

“சனிக்கிழமை வேலை இருக்கு அத்தை.”

“என்ன வேலை?”

“அப்பாவைக் கிளிக்கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

அத்தை வாயில் வெற்றிலை நின்றுவிட்டது. “உங்கம்மா கூத்தடிச்சாலும் கட்டினவனோட அடிச்சா. நீ கல்யாணம் ஆகாத புள்ள. பியர் கடையில உன்னைப் பாத்தவன் எவன்டி உன்னைக் கட்டுவான்?”

“பாக்காதவன் கட்டட்டும்.”

என் வாயிலிருந்துதான் வந்தது அம்மா. எனக்கே திக்கென்றது. அத்தை எழுந்து, அடுத்த ஞாயிறு வருவதாகவும், அண்ணன் இப்படியே கிடந்தால் என்னைக் கையோடு கூட்டிப்போய்விடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனாள். நான் போய்விட்டால் அப்பாவுக்கு எதிரே சுவர் மட்டும்தான் இருக்கும். அந்த ஒரு வாரத்தில் நான் ஏதாவது செய்தாக வேண்டும்.

சனிக்கிழமை உன் மஞ்சள் லுங்கியை என் இடுப்புக்குப் பிடித்துத் தைத்துக் கட்டிக்கொண்டேன்.

“எங்க?” என்றார் அப்பா.

“க்யிம்யிண்டைங்.”

“அங்க என்ன?”

“ஆத்துக்காத்து.”

என்னை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டினார். ரயிலில் காடை முட்டை விற்கிறவர் வந்தபோது எனக்கு மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடையில் எல்லாம் ஆண்கள். அத்தனை தலையும் திரும்பின. என் காது சுட்டது. அப்பாவுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் வரவே இல்லை. குடிக்கிற அப்பாவை வீட்டுக்கு இழுத்துப்போக வந்த மகள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கூப்பிட வேண்டியது நான்தான். உதட்டைக் குவித்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி குவித்தேன். சூடான டீயை ஊதுகிற மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை எங்கிருந்து வந்ததோ, கடை முழுவதும் கேட்கிற மாதிரி ஒரு முத்தம்! பேச்செல்லாம் நின்றுபோனது. மூலையில் யாரோ கை தட்டினார்கள். நாற்காலிக்கு அடியில் புகுந்துவிடலாமா என்று இருந்தது. புகவில்லை.

பரிமாறுகிறவர் ஓடிவந்தார். நரைத்த மனிதர். அப்பாவை அடையாளம் கண்டுகொண்டார். “ஊலே” என்று மரியாதையாகக் கூப்பிட்டு, “ரொம்ப நாளாச்சே. பூ வெச்ச அம்மா எங்கே?” என்று பர்மா பாஷையில் கேட்டார்.

அப்பா மேஜையைப் பார்த்தார்.

“இறந்துட்டாங்க. இனிமே நான்” என்றேன். “ஒரு கிளாஸ் பியர். ஒரு எலுமிச்சை ஜூஸ். பொரிச்ச மீன்.”

அப்பா பாதிக் கிளாஸை ஒரே மூச்சில் குடித்தார். மீனைத் தொடவில்லை. நான் தட்டைத் தள்ளினேன். அவர் திருப்பித் தள்ளினார்.

“நீ யாரு எனக்கு அளந்து ஊத்த?”

எனக்கு வாயில் ஒரே எழுத்துதான் வந்தது. “சா” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். முகம் கறுத்துப்போனது.

“எந்தச் சா?”

“நீங்களே சொல்லுங்கப்பா.”

படகுத்துறையில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்பா ஒரு மீன் துண்டை எடுத்து, முள்ளைக்கூடப் பார்க்காமல் வாயில் போட்டார். முள் குத்தித் துப்பினார். இன்னொன்று எடுத்தார். அதை முள் பார்த்துத் தின்றார். தட்டு காலியானதும் மெதுவாகச் சொன்னார், “உங்கம்மா இருந்தா இன்னொரு கிளாஸ் தந்திருப்பா.”

“பொய்.”

“பொய்தான்” என்றார்.

மறுநாள் அத்தை பையோடு வந்தாள். அப்பா முகம் மழித்து உட்கார்ந்திருந்தார். “அவ இங்கயே இருக்கட்டும்” என்றார்.

“எதுக்கு? உனக்கு ஊத்திக் கொடுக்கவா?”

“எதிர்ல உட்கார.”

அத்தை என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அடுத்த மாதம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீ சிரிப்பாய். அந்தப் புதன்கிழமையே அப்பா ஷெட்டுக்குப் பின்னால் போய்விட்டார். அழுதார், மன்னிப்புக் கேட்டார், மறுபடி போனார். சில சனிக்கிழமை வந்தார். ஒரு சனிக்கிழமை வர மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கெஞ்சவில்லை. “இன்சீன் கிளியில இருப்பேன். நீங்க வந்தாலும் வராட்டியும்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தனியாகப் போனேன் அம்மா. நான்! தனியாக ரயில் ஏறி, தனியாக உட்கார்ந்து, ஒரு ஜூஸும் ஒரு பியரும் சொல்லி, பியரை எதிர்ப்பக்கம் வைத்தேன். பக்கத்து மேஜைக்காரர் யாருக்குக் காத்திருக்கிறாய் என்று கேட்டுச் சிரித்தார். “அப்பாவுக்கு” என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். ஒரு ரயில் வந்தது. அதில் அவர் இல்லை. அழக் கூடாது என்று கடலையை ஒவ்வொன்றாகத் தோல் உரித்துத் தின்றேன். அடுத்த ரயிலும் வந்து போனது.

அப்புறம் நாற்காலி இழுபடுகிற சத்தம். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அப்பா. கிளாஸைப் பார்த்தார்.

“நுரை போயிருச்சே.”

“நேரத்துக்கு வந்திருக்கணும்.”

உட்கார்ந்தார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உனக்கு அந்தப் பயணம் பிடித்திருந்ததா, இல்லை அவரைக் காவல் காக்கத்தான் போனாயா? நான் காவல் காக்கத்தான் கிளம்பினேன். ஆனால் இப்போது வெள்ளிக்கிழமையே எந்த ஊர் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறேன். உனக்கும் அப்படித்தான் ஆனதா?

அப்பாவைக் குடியிலிருந்து மீட்டுவிடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். உன்னாலேயே வாரத்துக்கு ஒரு கிளாஸில்தான் நிறுத்த முடிந்தது. அவர் விழுந்தால் நானும் கூட விழ மாட்டேன். எனக்கு மிஷின் இருக்கிறது, கை இருக்கிறது. நான் கொடுக்கிற வாக்கு சின்னது. சனிக்கிழமை ரயிலில் நான் இருப்பேன், அவர் ஏறினாலும் ஏறாவிட்டாலும். அத்தை எத்தனை பை கொண்டுவந்தாலும் இருப்பேன். என்னைக் கட்டிக்கொள்கிறவன் என்று ஒருவன் வந்தால் அவனையும் அதே ரயிலில் ஏற்றுவேன். ஏறாதவன் எனக்கு வேண்டாம்.

இன்றைக்கு மிங்கலாடோன். அப்பா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ரயிலுக்கு நேரமாகிவிட்ட,
உன் ஒரே மகள்
செல்வி