நஞ்சப்பனின் பதக்கமும் கழற்றப்பட்ட பலகையும்

அனுப்புநர்:
ச. திருமூர்த்தி,
எடிசன், நியூ ஜெர்சி.

பெறுநர்:
திரு. சுவாமிநாதன் அவர்கள்,
தலைவர், செங்காந்தள் தமிழ்ப்பள்ளி, எடிசன்.

பொருள்: ஆசிரியை திருமதி மரகதம் அமைத்த கண்காட்சிப் பலகையை மீண்டும் வைக்கவும், அவரது வகுப்பைத் தொடரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கொள்ளுத்தாத்தா நஞ்சப்பன், ஆங்கிலேயர் காலத்தில் ஆப்கான் எல்லையிலுள்ள வசீரிஸ்தான் மலைக்குடிகளின் எழுச்சியை அடக்கப் போன படையில் சாலை போட்டவர். அவருடைய பதக்கத்தை ஆண்டுவிழாக் கண்காட்சிக்குக் கொடுத்தவன் நான்தான்.

2. அதையும், கலகக்காரர்களை அடக்கியதற்குக் கிடைத்தது என்று அதனடியில் இருந்த குறிப்பையும் பார்த்த என் மகள் வெண்பா, "மிஸ், அது அவங்க மவுன்டன்தானே? அப்புறம் ஏன் அவங்க ரெபெல்?" என்று வகுப்பில் கேட்டிருக்கிறாள். வீட்டில் சோறு வேண்டுமென்றாலும் ஆங்கிலத்தில் கேட்கிற பெண், ஐயா! மரகதம் அவர்கள் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. பிள்ளைகளைக் கொண்டே அந்த மக்களுக்கும் ஒரு பலகை எழுதி, பதக்கத்தின் அருகில் வைத்தார்: "பீரங்கியும் விமானமும் வந்தபோதும் தங்கள் மலையை விட்டுக்கொடுக்காதவர்கள்."

3. சென்ற சனிக்கிழமை செயலாளர் திரு. ராமசுப்ரமணியன் அதைக் கழற்றிவிட்டார். பார்க்கிங்கில் என்னைப் பிடித்து, "உங்க தாத்தாவ டிஸ்ரெஸ்பெக்ட் பண்ண மாதிரி இருக்கு சார். நீங்க ஹர்ட் ஆயிருப்பீங்க, அதான் ரிமூவ் பண்ணிட்டேன். மேடமுக்கு அடுத்த டேர்ம் கிளாஸும் கிடையாது" என்றார். என் மனம் புண்பட்ட செய்தியே எனக்கு அப்போதுதான் தெரியும். அதுவரை நன்றாகத்தான் இருந்தது, இப்போதுதான் கொதிக்கிறது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று, சம்பளம் வாங்காமல் பாடம் எடுப்பவர் தலையிலா இது விடிய வேண்டும்?

4. பகலில் நஞ்சப்பனின் படையினர் போட்ட சாலையை இரவில் அம்மலைக்காரர்கள் பெயர்த்துவிடுவார்களாம். "போட்ட எனக்கு மெடல் குடுத்தாங்க, பேத்தவனுக்கு ஆரு குடுக்கறது? அவனல்லோ கெட்டிக்காரன்!" என்று நஞ்சப்பன் சொல்வாராம். என் அப்பா சொல்லிக் கேட்டது. பிழைப்புக்காகப் பட்டாளம் போன இடத்தில் எதிரியை மெச்சத் தெரிந்த அவரை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமை. தங்கள் மண்ணில் நின்று அடி வாங்கியும் பணியாத அம்மக்களை நினைத்தால், கைகூப்பத் தோன்றுகிறது.

ஆகவே, வரும் சனிக்கிழமை விழாவுக்கு முன் பலகையை அதே இடத்தில் வைத்து, மரகதம் அவர்களை வகுப்புக்குத் திரும்ப அழைக்குமாறு வேண்டுகிறேன். முடியாதென்றால் பதக்கத்தையும் தந்துவிடுங்கள். அதன் ரிப்பனில் கோத்த உலோகப் பட்டையில் எல்லோரும் படிக்கும்படி பொறித்திருப்பது அவர்களுடைய மலைநாட்டின் பெயர். நஞ்சப்பனின் பெயர் விளிம்பில், பொடி எழுத்தில்தான் இருக்கிறது.

நாள்: 14.10.2024
இடம்: எடிசன்

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ச. திருமூர்த்தி
(மாணவி வெண்பாவின் தந்தை)