வலது கையும் இடது கண்ணும்

சாரம், புதுச்சேரி
ஜூலை 20

அன்பு மகள் நூரீனுக்கு,

அத்தாவின் ஸலாம். உனக்கும் மாப்பிள்ளை ஹாதிக்கும் அல்லாஹ் குறைவில்லாத சுகத்தைக் கொடுக்கட்டும். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். என் இடது கண் மட்டும் புதுச் சுகம், மற்றதெல்லாம் பழைய சுகம்தான். தினமும் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் உன் அம்மா புகுந்து மீதியை அவள் சொல்லிவிடுகிறாள். இந்த விஷயத்தை நான்தான் சொல்ல வேண்டும். உன் கமலக்கண்ணன் மாமாவுக்கு நான் ஒரு அநியாயம் செய்துவிட்டேன். அவன் மறுபடி என்னோடு பழையபடி இருப்பானா என்பதுதான் இரண்டு மாதமாக என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. கோல்ஃபில் ஒரு நாள் அடித்த மாதிரி மறுநாள் அடிக்க வரவில்லை, உங்களுக்கு மட்டும் எப்படி அத்தா இத்தனை வருஷமாக ஒரே மாதிரி கை வீசுகிறது என்று வீடியோ அனுப்பிக் கேட்டிருந்தாயே, அதற்கும் பதில் இதற்குள்ளேயே வரும்.

முதலில் வீட்டுச் செய்தி. தண்ணீர் மோட்டார் மறுபடி எரிந்து, காயில் சுற்றிக் கொண்டு வந்து மாட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டு லட்சுமி குடும்பத்தார் மேலே ஒரு மாடி எடுக்கிறார்கள், நம் மொட்டை மாடியில் துணி காயும் இடத்துக்கு வெயில் போச்சு என்று உன் அம்மா அவர்களோடு பேசுவதைக் குறைத்திருக்கிறாள். அங்கிருந்து குழம்பு வந்தால் மட்டும் வாங்கிக்கொள்கிறாள். அவளுக்குச் சர்க்கரை பரவாயில்லை. ஆனால் பேரீச்சம்பழம் எண்ணிக்கையில் என்னிடம் பொய் சொல்கிறாள், நீ கேட்டால் உன்னிடமும் சொல்வாள்.

மாப்பிள்ளைக்கு நம் ஊர்ப் பெத்தாங்க் ஆட்டம் தெரியாது, நீ இதைப் படித்துக் காட்டுவாய் என்பதால் கொஞ்சம் விளக்கியே எழுதுகிறேன். சின்ன மரப்பந்து ஒன்றைத் தூரத்தில் போட்டுவிட்டு, அதற்குக் கிட்டே நிற்கிற மாதிரி இரும்புப் பந்தை வீச வேண்டும். பிரெஞ்சுக்காரன் விட்டுப் போன ஆட்டம், இரும்புப் பந்துக்கு எங்களிடம் குண்டு என்று பேர். யாருடைய குண்டு கிட்டே இருக்கிறதோ அவர்களுக்குப் புள்ளி, பதின்மூன்று எடுத்தால் ஜெயம். எங்கள் அணியில் மூன்று பேர். கமலக்கண்ணன் கிட்டே வைப்பான், எதிராளி குண்டை அடித்துத் தூக்குவது என் வேலை, நாராயணசாமி இரண்டும் செய்வார். எங்கள் மைதானத்தில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு குண்டு சமமாகத் தெரிந்தால் மற்ற இடங்களில் டேப் போட்டு அளப்பார்கள். எங்களிடம் ஜலாலைக் கூப்பிடுவார்கள். நான் ஆடுகிற ஆட்டமாக இருந்தாலும், எதிர் அணிக்காரனே கூப்பிடுவான். மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் பம்புக்குள் போகும் புஷ் வளையத்தை அளந்து அளந்து தள்ளிய கண், அதனால் அந்த மரியாதை. எனக்கு அதில் கொஞ்சம் திமிர் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போன வருஷம் மழைக்காலத்திலிருந்து என் வீச்சு கெட்டுப்போக ஆரம்பித்தது. அடிக்கிற குண்டு ஒரு சாண் முன்னாலேயே விழுந்தது. கையைப் பின்னால் இன்னும் உயரமாகக் கொண்டுபோய் வீசினேன், தூரம் சரியானது, ஆனால் இடது பக்கம் போனது. அதற்காக வலது காலைத் திருப்பி வைத்தேன். பிறகு எடை குறைந்த குண்டு வாங்கினேன். பிறகு நின்று வீசுகிறவன் குந்தி உட்கார்ந்து வீசினேன். ஜனவரியில் என்னிடம் காலையில் ஒரு வீச்சு, சாயந்திரம் ஒரு வீச்சு இருந்தது, இரண்டும் என்னுடையது இல்லை. கம்பெனியில் புதிதாக வருகிறவனுக்கு நான் முதல் நாளே சொல்வது என்ன தெரியுமா, சரக்கு தொடர்ந்து தப்பாக வந்தால் மெஷினில் கை வைக்காதே, முதலில் உன் அளவுக் கருவி சரியா என்று பார் என்பது. ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். சொன்னவன் ஆறு மாதமாக மெஷினையே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன், கருவியைப் பார்க்கவில்லை.

பிப்ரவரியில் முத்தியால்பேட்டைக்காரர்களோடு ஒரு ஆட்டம். அவர்கள் பன்னிரண்டு, நாங்கள் பதினொன்று. கடைசியில் கமலக்கண்ணன் வைத்த குண்டும் அவர்களுடையதும் சமமாக நின்றன. வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார்கள். குனிந்து பார்த்துவிட்டு, அவர்களுடையது என்றேன். கமலக்கண்ணன் மெதுவாக, டேப் போட்டுப் பார்க்கலாமே ஜலாலு என்றான். பதினாறு வருஷமாகச் சேர்ந்து ஆடியதில் முதல் தடவை அப்படிக் கேட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. என் கண்ணுக்கு மேல் டேப்பா என்று கேட்டு, அவன் குண்டைத் தரையிலிருந்து கையால் எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டால் அப்புறம் அளக்க என்ன இருக்கிறது. ஆட்டம் முடிந்தது. அதோடு நான் வாயை மூடியிருந்தாலாவது பரவாயில்லை. அவன் மணிக்கட்டு தளர்ந்துவிட்டது, குண்டு எட்டவில்லை, இனி வேறு ஆள் பார்க்கலாம் என்று எல்லார் எதிரிலும் சொன்னேன். அவன் மற்ற குண்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டான். மறு வாரமே மின்துறை பிரேம்குமாரை அவன் இடத்தில் சேர்த்துக்கொண்டோம்.

ஏப்ரலில் உன் வீடியோ வந்தது. பச்சைப் புல்வெளியில் மட்டையோடு நீ நிற்கிறாய். பார்த்துக்கொண்டிருக்கும்போது வலது கண்ணில் தூசி விழுந்தது. அதைக் கசக்கிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தால் நீ இல்லை, மட்டையும் இல்லை, பச்சையாக ஒரு மூட்டம்தான் இருக்கிறது. போன் கெட்டுவிட்டது என்று உன் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் பார்த்துவிட்டு, போன் நல்லாத்தான இருக்குது என்றாள். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். இடது கண்ணில் முற்றிய புரை, எத்தனை மாதமாக இப்படி என்று டாக்டர் கேட்டார், தெரியாது என்றேன், அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு தூரம் கணிக்க முடியாது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்து பத்து நாள் கழித்து, நாராயணசாமி பிப்ரவரி ஆட்டத்தைத் தன் போனில் எடுத்து வைத்திருந்தது நினைவு வந்து வாங்கிப் பார்த்தேன். டேப் வேண்டியதே இல்லை. கமலக்கண்ணன் குண்டு நாலு விரல் கிட்டே நிற்கிறது. பக்கத்தில் நான் குனிந்து பார்க்கிறேன், பிறகு கை நீட்டி எடுக்கிறேன். என் கையே எனக்கு அசிங்கமாக இருந்தது. மூன்று தடவை பார்த்தேன், நாலாவது தடவை பார்க்க முடியவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கண் சரியாகிவிட்டது, ஆனால் கை கெட்டுப்போயிருந்தது. கெட்ட கண்ணுக்காகப் பழக்கிய வீச்சு, நல்ல கண்ணோடு வீசினால் எல்லாக் குண்டும் இரண்டு அடி தாண்டி விழுகிறது. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாட்கள் முடிந்ததும், பின்னால் இருக்கிற காலி மனையில் நாலே தப்படி தூரத்தில் ஆரம்பித்தேன். உன் அம்மா பிளாஸ்டிக் சேரில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆட்டம் தெரியாது, அதுவே நல்லதாகப் போயிற்று. குண்டு எங்கே விழுகிறது என்று பார்க்க மாட்டாள், என்னைத்தான் பார்ப்பாள். இன்னிக்கும் வலது கால் வெளிய போவுதுங்க என்பாள். கை இடுப்புக்கு மேல போயிடிச்சி என்பாள். ஒட்டடைக் கம்பை இலக்கைப் பார்த்துத் தரையில் போட்டு, அதன் ஓரத்தில் காலை வைக்கச் சொன்னாள். வைத்துப் பார்த்தால், நேராக நிற்பதாக நான் நினைத்ததே கோணல். முதலில் கால், பிறகு குண்டைத் துணியால் ஒரு துடைப்பு, ஒரு மூச்சு, கை ஒரே ஒரு தடவை பின்னால் போய் வரும். அடித்தாலும் தவறினாலும் அடுத்ததும் அதே மாதிரிதான். தவறியதற்காக அடுத்த வீச்சை மாற்றக் கூடாது, அதுதான் ரொம்பக் கஷ்டம். ஒரு மாதம் ஆனது. ஜூன் கடைசியில் பத்துக்கு ஆறு அடித்தேன், பழையபடி எட்டு இனி வராது என்று நினைக்கிறேன். உன் விஷயத்தில் எனக்குக் கோல்ஃப் தெரியாது. ஆனால் நீ இதுவரை அனுப்பிய பத்து வீடியோவையும் இப்போது இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பத்திலும் நீ பத்து விதமாக நிற்கிறாய். வாரத்துக்கு ஒருவன் சொல்வதைக் கேட்டுப் பிடியை மாற்றுகிறாயாம், மாப்பிள்ளை சொன்னார். பிடியை விடு. தரையில் ஒரு மட்டையைப் போட்டு, காலும் தோளும் எங்கே பார்க்கிறது என்று மாப்பிள்ளையைப் பின்னால் நின்று சொல்லச் சொல். சொன்னால் அவரிடம் சண்டைக்குப் போகாதே.

கை சரியாகும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கமலக்கண்ணன் வீட்டுக்குப் போனேன், அதுவும் தப்புதான். உடனே போயிருக்க வேண்டும். கோரிமேட்டில் அவன் வீட்டில் அவன் மனைவி துர்கா காபி கொடுத்தாள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கண் ஆபரேஷனைச் சொன்னேன், போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டப் போனேன். அவன் வாங்கவில்லை. எனக்கு எதுக்கு வீடியோ, அன்னிக்கு நான் அங்கதான நின்னேன் என்றான். மன்னிச்சிடு என்று நேராகவே கேட்டேன். அவன் காபி டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு, கண்ணு தெரியலன்னா அதுக்கு நீ என்ன பண்ணுவ, புள்ளி போனதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ கையில எடுத்துட்ட பாரு ஜலாலு, அதான் என்றான்.  ஜூலை பதினாலு போட்டிக்கு நம்மோடு வருகிறாயா என்று கேட்டேன். முத்தியால்பேட்டைக்காரர்களோடு பேர் கொடுத்துவிட்டேன் என்றான். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினான், அவ்வளவுதான். திரும்பி வரும்போது ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்பில் வந்த பஸ்ஸையெல்லாம் போக விட்டு ரொம்ப நேரம் ஓரமாக நின்றிருந்தேன்.

பதினாலாம் தேதி அரையிறுதியில் அவர்களோடேதான் ஆட்டம் விழுந்தது. என் பக்கம் நாராயணசாமி, பிரேம்குமார். எதிரில் கமலக்கண்ணன். அவன் மணிக்கட்டுக்கு ஒரு கேடும் இல்லை, வைத்ததெல்லாம் ஒட்டிக்கொண்டு நின்றது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. எல்லாரும் வீசியாகிவிட்டது, என் கையில் ஒரு குண்டு பாக்கி. அவன் குண்டு ஒன்று மரப்பந்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது, இன்னொன்று கொஞ்சம் பின்னால். காலை வைத்தேன், துடைத்தேன், மூச்சு விட்டேன், கை ஒரே தடவை போய் வந்தது. அடி சரியாக விழுந்தது. முன்னால் இருந்தது தெறித்து ஓடியது, என்னுடையது உருண்டு மரப்பந்துக்கு இந்தப் பக்கம் நின்றது. அந்தப் பக்கம் அவனுடைய இரண்டாவது. நின்று பார்த்தால் இரண்டும் சமம். பிப்ரவரிக்கு அப்புறம் அந்த மைதானத்தில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை, நியாயம்தான். பிரேம்குமார் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தார். அப்போது கமலக்கண்ணன், டேப்பு இருக்கட்டும், ஜலாலு பாக்கட்டும் என்றான்.

 கிட்டே போய், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் குனிந்தேன். இந்தப் பக்கமிருந்து பார்த்தேன், சுற்றிப் போய் அந்தப் பக்கமிருந்தும் பார்த்தேன். அரை விரல் வித்தியாசம். உன்னுது என்றேன். ஆட்டம் போச்சு. நாராயணசாமி பெருமூச்சு விட்டார், பிரேம்குமார் டேப்பை மறுபடி பாக்கெட்டில் வைத்துக்கொண்டார், யாரும் அளக்கவில்லை. கமலக்கண்ணன் குனிந்து தன் குண்டை எடுத்தான். பிறகு என்னுடையதையும் எடுத்து, தன் துணியாலேயே துடைத்து, என் கையில் வைத்தான்.  கண்ணுக்கு மருந்து விடும் நேரம் தாண்டிவிட்டது என்று உன் அம்மா அன்று என்னைத் திட்டினாள், எனக்கு அது காதிலேயே விழவில்லை.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் துஆ எப்போதும் உண்டு. அல்லாஹ் உங்கள் சம்பாத்தியத்திலும் ஆயுளிலும் பரக்கத் செய்யட்டும். குளிர்காலம் வந்தால் காதை மூடாமல் வெளியே போகாதே, வெள்ளிக்கிழமை உன் அம்மாவுக்கு நீயாகவே போன் செய், அவளாகச் செய்யட்டும் என்று காத்திருக்காதே. நீங்கள் இருவரும் இந்த வருஷமே கண்ணைக் காட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள், நன்றாகத் தெரிகிறது என்று என்னிடம் சொல்ல வேண்டாம், எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது.

உன் நலம் நாடும் அத்தா,
ஜலால்