ஆடி மாதத்துக் குளிர்

1936 ஜூலை 20, பூந்தமல்லி.

தென்னாப்பிரிக்காவில் அண்ணன் வீட்டில் ஓராண்டு இருந்த கதையை வகுப்பில் சொல்லியிருக்கக் கூடாது. இன்று மாலை கன்னியம்மாவின் தாய் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு நூம்பலிலிருந்து நடந்தே வந்துவிட்டாள்.

"அங்க ஆள விட ஒசரமா ஒரு கோழி கீதாமே, டீச்சரம்மா?"

"ஆமாம்மா, நெருப்புக்கோழி. ஒதைச்சா எலும்பு முறிஞ்சிடும்."

"இருக்கட்டும், சாமி படைச்சது. ஆனா ஆடில குளுரும், மார்கழில வேர்க்கும்னியாமே? பொய் சொல்லிக் குடுக்கிற எடத்துக்கு இனிமே எம்பொண்ணு வராது."

என் வகுப்பில் தடுமாறாமல் வாசிக்கிறவள் கன்னியம்மா ஒருத்திதான். பூமி சாய்ந்து சுற்றுவதை ஒரு கொய்யாப்பழத்தை வைத்து விளக்கினேன். தாய் பழத்தைப் பார்க்கவில்லை; என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அங்க உனக்குக் குளிர்காய்ச்சல் வந்துகீது. அதான் ஆடில குளுந்துகீது."

கன்னியம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாம்மா, காய்ச்சல்தான்" என்றேன்.

"அப்ப மார்கழில வேர்த்தது?"

"காய்ச்சல் விட்டப்போ."

ஐந்து மாதக் காய்ச்சலா என்று அவள் கேட்கவில்லை. நாளை முதல் பெண்ணை அனுப்புகிறாளாம். கூடவே எனக்கு நிலவேம்புக் கஷாயமும் வருகிறது. நான் ஒரு சொட்டு விடாமல் குடிக்கிறேனா என்று பார்த்துவந்து சொல்வது கன்னியம்மாவின் பொறுப்பு.