ஒன்பதாம் நம்பர் போர்டு

12-1-1974, சனி

நான்கு மேஜை, பதினாறு பேர், ஒரே ஒரு மின்விசிறி. அது திருவேங்கடம் தலைக்கு மேல்தான் சுற்ற வேண்டும். மாடி அவருடையது, வாடகை வாங்குவதில்லை, வக்கீல், கிளப்பின் தலைவர். ஆகவே முதல் மேஜையின் வடக்கு நாற்காலி அவருக்கு. ஏழு வருஷமாக அவர் அதைவிட்டு அசைந்து நான் பார்த்ததில்லை.

காபி ஆறிவிட்டது. பென்சில் எழுதவில்லை. பக்கத்து மேஜை சத்தம் போடுகிறது. எல்லாப் புகாரும் என்னிடம். பிரிட்ஜ் ஆட ஆசைப்பட்டுச் சேர்ந்தவள் நான். ஸ்கோர் போட ஆளில்லை, ‘லோகநாயகி கணக்கு டீச்சர்தானே’ என்றார்கள். அன்றோடு என் ஆட்டம் போச்சு.

வக்கீலின் சிநேகிதர், காண்டிராக்டர் ராஜேந்திரன், வேடிக்கை பார்க்க வந்திருந்தார். நூறாவது தடவையாக விளக்கினேன். போர்டு என்பது நம்பர் போட்ட ஒரு தட்டு; ஒவ்வொன்றிலும் நான்கு அறை, நான்கு பேருக்கான சீட்டு. ஆடி முடித்ததும் அவரவர் சீட்டை அதே அறையில் திரும்ப வைக்க வேண்டும். போர்டு அடுத்த மேஜைக்குப் போகும். எல்லா மேஜைக்கும் அதே சீட்டு; அதை யார் நன்றாக ஆடினார் என்பதுதான் போட்டி. “அதிர்ஷ்டமே இல்லாத சீட்டாட்டமா?” என்றார். ஆமாம் சார், அதற்குத்தான் இவ்வளவு பாடு.

இன்றும் முதலாவது ஏசுபாதம்–வாசுதேவன் ஜோடி. தொடர்ந்து மூன்றாவது வாரம். ஏசுபாதம் மகாபலிபுரத்தில் ஒரு கடலோர விடுதியில் ரூம் சூப்பர்வைசர். நான்காவது ஆள் இல்லாமல் வெள்ளைக்காரர்கள் அவரை உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார்களாம். போன ஆடியில் இங்கே வந்து நின்றபோது ஒவ்வொருவருக்கும் பார்ட்னர் இருந்தார். எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்த பிறகு நிச்சயமாக இருந்தார். ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் வாசுதேவனுக்கு ஒரு காது கேட்காது, அவரோடும் யாரும் ஆட மாட்டார்கள். இரண்டு பேரையும் நான்தான் சேர்த்து உட்கார வைத்தேன். இந்தக் கிளப்பில் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

18-1-1974, வெள்ளி

கிளப்பின் இரண்டு செட் போர்டில் காக்கிப் பையில் உள்ளதைச் சாயங்காலம் பிரித்தேன். பதினாறு போர்டையும் கலைத்துப் புதிதாகச் சீட்டுப் போட்டு வைத்தாயிற்று. மேஜையில் கலைக்கவிட்டால் பேச்சிலேயே நேரம் போகிறதென்று வெள்ளிதோறும் என் வீட்டில் இந்த வேலை. பச்சைப் பையில் போன வாரச் சீட்டு அப்படியே இருக்கிறது. ‘அன்றைக்கு நீ ஏன் அதை இறக்கினாய்’ என்று சண்டை வந்தால் எடுத்துக் காட்ட வேண்டுமே. ஒரு வாரம் பச்சை, ஒரு வாரம் காக்கி. மணிக்கட்டு வலிக்கிறது.

19-1-1974, சனி

வாசுதேவன் ஜோடி இரண்டாவது. வக்கீலுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

26-1-1974, சனி

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். கிளப் இல்லை. கடவுள் இருக்கிறார்.

1-2-1974, வெள்ளி

எஸ்.எஸ்.எல்.சி. பெண்களின் திருப்புதல் தேர்வு. நூற்று நாற்பது பேப்பர். பாதியில் கரண்ட் போய்விட்டது. மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கப் போகிறேன். பச்சைப் பை கதவோரம் தயாராக இருக்கிறது.

2-2-1974, சனி

தலைவலி விடவில்லை. ராஜேந்திரன் மறுபடியும் வந்திருந்தார், இந்தத் தடவை வராத ஒருவருக்குப் பதிலாக, வக்கீலுக்கு ஜோடியாக ஆடவே உட்கார்ந்தார்.

இரண்டாவது போர்டிலேயே ஏசுபாதம் எழுந்து என்னிடம் வந்தார். குனிந்து, மெதுவாக, “டீச்சர், இந்தச் சீட்ட நான் முன்னாடியே ஆடினா மாதிரி கீது” என்றார். எனக்கு எரிச்சல். “எல்லாச் சீட்டும் ஆடின மாதிரிதான் இருக்கும். போய் ஆடுங்க.” போய்விட்டார்.

ஒன்பதாவது போர்டு வக்கீலுக்கு எதிராக. ஜோடியில் ஒருவர் சீட்டை விரித்து வைத்துவிட, மற்றவர்தான் இரண்டு கையையும் ஆடுவார்; இதில் ஆட்டம் ஏசுபாதத்துடையது. ஹார்ட்டில் ஏசுபாதத்துக்கு இல்லாத பெரிய சீட்டு ராஜா ஒன்றுதான். அது யாரிடம் இருக்கிறதென்று தெரியாதபோது எவரும் ஏஸைக் கையில் வைத்துக்கொண்டு சின்னதை விட்டுத்தான் பார்ப்பார்கள். ஏசுபாதம் நேராக ஏஸை இறக்கினார். வக்கீலிடம் ஹார்ட்டில் ராஜா மட்டும்தான். அது அப்படியே விழுந்தது. “பார்க்காமல் இது எப்படித் தெரியும்?” என்று வக்கீல் சீட்டை மேஜையில் போட்டார். ராஜேந்திரன் சிரித்துக்கொண்டே, “எங்க ரம்மியில இதுக்கு வேற பேரு” என்றார்.

ஏசுபாதம் என்னைப் பார்த்தார். நான் ஸ்கோர் தாளைப் பார்த்தேன்.

3-2-1974, ஞாயிறு

ஜனவரி பன்னிரண்டாம் தேதி ஸ்கோரையும் நேற்றைய ஸ்கோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிறகு பச்சைப் பையைப் பிரித்துச் சீட்டைப் பார்த்தேன்.

நான் கலைக்கவே இல்லை. மூன்று வாரத்துக்கு முந்தைய சீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வைத்திருக்கிறேன். ராஜேந்திரன் தவிர மற்றப் பதினைந்து பேரும் ஆடியதையே மறுபடி ஆடிவிட்டு, ‘இன்றைக்கு நல்ல சீட்டு’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ஹார்ட் ராஜா இரண்டு தடவையும் வடக்கு நாற்காலியில், வக்கீல் கையிலேயே இருந்தது. அவருக்கே ஞாபகமில்லை.

ஞாபகம் இருந்தது ஒருத்தருக்கு. அவரும் வந்து சொன்னார். போய் ஆடு என்றவள் நான்.

5-2-1974, செவ்வாய்

யாரிடமும் சொல்லவில்லை. ஏழு வருஷத்தில் என் தாளில் ஒரு தப்பு வந்ததில்லை என்று வக்கீலே எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அப்புறம் ஏன் வாய் வரமாட்டேன் என்கிறது?

9-2-1974, சனி

ஏசுபாதம் வரவில்லை, விடுதியில் டூரிஸ்ட் கூட்டம் என்று வாசுதேவன் சொன்னார். ஆட்டம் தொடங்குமுன் வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பெரிசு பண்ண வேண்டாம் டீச்சர். அந்த ஆளுக்கு இடம் இல்லேன்னு ஒரு கார்டு போட்டுடுங்க. நாசூக்கா முடிஞ்சுடும்.” மாடிப்படியைக் கண்ணால் காட்டினார். மாடி யாருடையது என்று நினைவுபடுத்துகிறாராம்.

சரி என்றேன். களைப்பாக இருந்தது. களைப்பு என்பது ஒரு காரணமா?

11-2-1974, திங்கள்

கார்டு போட்டேன். ‘இடப் பற்றாக்குறை காரணமாக.’ என் கையெழுத்து எப்போதும்போல் அழகாகத்தான் இருந்தது.

16-2-1974, சனி

வாசுதேவன் சீக்கிரமே வந்து தன் இடத்தில் உட்கார்ந்து எதிர் நாற்காலியைச் சரி செய்து வைத்தார். ஆறரை மணி வரை பார்த்தார். அப்புறம் என் பக்கத்தில் வந்து, “அவனுக்கு வந்த கார்டைப் பார்த்தேம்மா. இடம் இல்லையாமே. நாற்காலி காலியாத்தானே கீது” என்றார். காது கேட்காததால் சத்தமாகத்தான் பேசுவார். எல்லோருக்கும் கேட்டது. ஒருத்தரும் தலையைத் தூக்கவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

17-2-1974, ஞாயிறு

திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறி மகாபலிபுரம் போனேன். இரண்டு பஸ், ஒன்றரை மணி நேரம். இதைத்தான் அவர் சனிதோறும் செய்துகொண்டிருந்தார்.

விடுதியின் பின்வாசலில் துணி உலர்த்தும் இடத்தில் நின்று பேசினோம். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. “வாங்க டீச்சர்” என்றார். உட்காரச் சொல்லவில்லை.

இரண்டு ஸ்கோர் தாளையும் நீட்டினேன். பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். “எனக்குத் தெரியும் டீச்சர். அதான் வந்து சொன்னேன். நீங்க போய் ஆடுன்னீங்க.”

“ஆமாம்.”

“மத்த போர்டுல எல்லாம் ஆட்டத்தப் போஸ்ட்மாஸ்டர் ஐயா கைக்கே தள்ளி வுட்டேன். அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல, நல்லா ஆடுனாரு. ஒம்போதாவது என் கையில மாட்டிகிச்சு. ராஜா எங்க கீதுன்னு தெரிஞ்சிகினே தப்பா ஆடச் சொல்றீங்களா? நீங்க ஆடச் சொன்னீங்க, நான் ஆடினேன்.”

தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

“அந்தக் காண்டிராக்டர் போன வாரம் இங்க சாப்பிட வந்தாரு. மேனேஜர் கிட்ட, ‘உங்க ஆளு சீட்டுல கை சுத்தம் இல்ல’ன்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. மறுநாளே உங்க கார்டு வந்துது. கார்டுதானே, மேனேஜரும் படிச்சாரு. நாப்பது ரூம் சாவி என்கிட்ட இருந்துது டீச்சர். வாங்கிகினாரு. இப்ப துணி எண்ணிகினு கீறேன்.”

துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “இங்க எவன் வாட்ச் காணாம போனாலும் மொதல்ல என் மூஞ்சியத்தான் பார்ப்பாங்க. பதினாலு வருசமா. சனிக்கிழமை ஒரு நாள் அந்தப் பார்வை இல்லாம இருந்துது. அதுக்குத்தான் வந்துகினு இருந்தேன். இன்னா பெரிய ஆட்டம்.”

நான் அவர் எதிரிலேயே அழுதுவிட்டேன். ஐம்பத்தொரு வயதில், துணிக்கொடிக்கு நடுவில் நின்றுகொண்டு. அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அது இன்னும் கேவலமாக இருந்தது.

பிறகு மேனேஜரைப் பார்த்தேன். தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “சீட்டாட்டத்துக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்றார். பார்க்கலாம் என்றும் சொன்னார்.

23-2-1974, சனி

ஆட்டம் தொடங்குமுன் எழுந்து நின்றேன். வகுப்பில் நிற்பது மாதிரிதானே என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் தேதி பழைய சீட்டை வைத்தது நான், ஏசுபாதம் வந்து சொன்னதும் அவரைத் திருப்பி அனுப்பியது நான், அன்றைய முடிவு செல்லாது, இடமில்லை என்று நான் எழுதியது பொய். இவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கு இருபது நாள் எடுத்துக்கொண்டேன்.

வக்கீல் சிரித்தார். “வயசாயிடுச்சு டீச்சர் உங்களுக்கு. அதே சீட்டா இருந்திருந்தா எங்களுக்குத் தெரியாதா?”

“அந்த ராஜா ரெண்டு தடவையும் உங்க கையிலதான் சார் இருந்தது” என்றேன்.

மூன்றாவது மேஜையில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஒருவர் சிரிக்க இன்னொருவரும் சிரித்தார். வக்கீல் முகம் கறுத்துவிட்டது. அந்தச் சிரிப்போடு மாடி போயிற்று என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

26-2-1974, செவ்வாய்

வக்கீலின் குமாஸ்தா கடிதம் கொண்டுவந்தான். மாடி சொந்த உபயோகத்துக்குத் தேவைப்படுகிறதாம், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கிறது. நாற்காலி அவருடையது, மேஜை எங்களுடையது.

2-3-1974, சனி

மேஜைகளை வாசுதேவன் வீட்டுக்கு மாட்டுவண்டியில் அனுப்பினேன். “ஹால் காலியாத்தான் கீது, நானும் அவளுந்தானே” என்றார். வக்கீலோடு ஐந்து பேர் போய்விட்டார்கள். அலுவலர்கள் சங்கத்து அறையில் தனியாக ஆடுவார்களாம். ஆடட்டும்.

ஏசுபாதத்துக்கு எழுதினேன், இந்தத் தடவை உறையில் போட்டு. மன்னிப்புக் கேட்டேன். வாருங்கள் என்று எழுதி அடித்துவிட்டேன், பிறகு வேறு தாளில் மறுபடி எழுதினேன்.

9-3-1974, சனி

இரண்டு மேஜை. பதில் இல்லை.

16-3-1974, சனி

ஆள் குறைந்ததால் நானே வாசுதேவனுக்கு எதிரில் உட்கார்ந்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு. கடைசியாக வந்தோம். “பரவால்லம்மா” என்றார். அவர் என்னோடு ஆடவில்லை, நாற்காலியோடு ஆடினார்.

22-3-1974, வெள்ளி

வாசுதேவன் பள்ளிக்கூட வாசலுக்கே வந்தார். ஏசுபாதத்திடம் சாவியெல்லாம் திரும்பக் கொடுத்துவிட்டார்களாம். நேற்று கடிதம் வந்ததாம், அவருக்கு. எனக்கு எழுதவில்லை. எழுத வேண்டும் என்று என்ன இருக்கிறது? ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

30-3-1974, சனி

ஏசுபாதம் வந்தார். ஆறு மணிக்கு, செருப்பை வெளியே விட்டுவிட்டு. வாசுதேவன் எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. மற்றவர்களும் வாங்க வாங்க என்றார்கள், இரண்டு பேர் எழுந்துகூட நின்றார்கள். எனக்கு நெஞ்சு லேசானது போல் இருந்தது. நேற்று சாயங்காலம் இரண்டு தடவை சரிபார்த்துப் போட்டு வைத்திருந்த போர்டுகளை மேஜைகளில் அடுக்கினேன்.

அவர் உட்காரவில்லை. முதல் போர்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. விடுதியில் விருந்தாளிகளிடம் பேசும் அந்த மரியாதையான குரலில் கேட்டார்:

“சீட்ட எல்லாரும் இங்கயே கலைச்சிக்கலாமா மேடம்?”

கலைக்கலாம் என்றேன். எல்லோரும் ஒவ்வொரு போர்டாகப் பிரித்துக் கலைக்க ஆரம்பித்தார்கள். எனக்கு வேலை இல்லை. ஸ்கோர் தாளில் தேதி போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.