துளிநாடு செல்லத்தக்கதோ என்று கேட்டருளியதற்கு விடை

மழை முறை தவறாது பெய்க. விளைநிலம் சிறக்க. வேங்கைவள நாடும் அதன் நீள்மதில் நகரும் நோயின்றிப் பொலிக. ஏழ்குன்றம் ஆள்பவரும், பகைவரும் நாடிவந்து ஒதுங்கும் வெண்குடை உடையவரும், வாளை உறையிலிருந்து எடுக்காமலே எல்லை காத்தவருமாகிய செங்கோதை மாதேவியாரின் திருவடிகளை வணங்கி, நாட்டின் சாலைகளையும் சத்திரங்களையும் மேற்பார்க்கும் பெருவழிநாயகம் மருதன் எழினி, வடஎல்லைச் சாவடியிலிருந்து விடுக்கும் ஓலை. தேவியார் திருமுன் 'நான்' என்று சொல்லுதல் முறையன்று ஆகையால் இதில் எழினி என்றே எழுதப்படுகிறது. அந்த எழினி செய்த பிழைகளும் மறைக்காமல் எழுதப்படுகின்றன.

வரும் இளவேனிலில் ஓய்வுகொள்ளத் தேவியார் எந்நாட்டுக்கு எழுந்தருளலாம் என்ற பேச்சு அவையில் எழுந்தபோது, அமைச்சர்கள் முத்துத்துறையையும் பொன்மாடப் பட்டினத்தையும் வானளாவப் புகழ்ந்தனர். அங்கெல்லாம் போய்வந்தாயிற்று, எங்கும் அதே தோரணம், அதே பூரணகும்பம், அதே வாழ்த்துப்பா என்று தேவியார் சலித்துக்கொண்டார். பிறகு வழிநூலைத் தருவித்து, அதன் கடைசி ஏட்டில் 'துளிநாடு: பார்க்கத்தக்கது யாதும் இல்லை' என்றிருந்த ஒரே வரியைச் சுட்டி, நேரில் கண்டு எடைபோட்டு உரைக்குமாறு எழினிக்குப் பணித்தருளினார். இருபது ஆண்டுகளுக்கு முன் அந்த வரியை எழுதியவனும் எழினியே. அங்கே போகாமலே எழுதினான்.

புறப்பட்ட வேளையில் அவன் மனைவி வெண்ணி, மணமாகிப் பன்னிரண்டாம் ஆண்டில் முதன்முறையாகக் கருவுற்றிருந்தாள். தை பிறக்குமுன் வந்துவிடுவதாக அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்கினான்.

இனி வழியைப் பற்றி. இந்தச் சாவடிக்கு அப்பால் ஒன்பது நாள் நடை; சாலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. மான் போன தடத்தில் மனிதன் போகவேண்டும். பல்லக்கு நுழையாது, யானையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அட்டைகள் அரச ஊழியன் என்று பார்த்து விலகவில்லை. ஒன்பதாம் நாள் பகலில் பாதாளம் போன்ற ஒரு பள்ளத்தின் மேல் பிரம்புப் பாலம் ஒன்று தொங்கியது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்த எழினி, அக்கரையில் ஒரு பெண் பானையில் வெந்நீரோடு உட்கார்ந்திருக்கக் கண்டான்.

அவள் அவன் கால்களை இழுத்து மடியில் வைத்து, அட்டைகள் மேல் உப்பைத் தூவி ஒவ்வொன்றாக உதிர்த்து, புண்களைக் கழுவித் துடைத்தாள். எழினி அவளைப் பணிப்பெண் என்று எண்ணினான். நீர் இன்னும் சற்றுச் சூடாக வேண்டும் என்று அதட்டவும் செய்தான். வேலை முடிந்ததும் அவள் சிரித்தபடி எழுந்து சொன்ன சொல் இது: "இன்னியிலிருந்து இந்தப் பானை உங்களுது. தண்ணி ஆறாமப் பாத்துக்குங்க."

அவள் பெயர் சாத்தி. உப்பு விற்று ஊர் ஊராகப் போகிறவள். பதினான்கு மாதங்களாக அந்தப் பானையருகே காத்திருந்தவள் என்பதை அந்நாட்டு முதல்வன் கடம்பன் சொல்லித்தான் எழினி அறிந்தான். துளிநாட்டுக்கு வரும் விருந்தினர், தமக்குப் பின் வரும் விருந்தினரின் கால் கழுவிய பிறகே விடைபெறுவர் என்பது அங்குள்ள வழக்கம். கூட்டமாக வந்தால் அக்கூட்டத்தின் தலைவர் கழுவவேண்டும். உள்ளூரார் கழுவினால் ஆகாதோ என்று எழினி வினவினான். தாங்கள் அந்த வழியில் நடந்து வந்தவர்கள் அல்லர் என்றும், அந்தக் காலில் எங்கே வலிக்கும் என்று தங்கள் கைக்குத் தெரியாது என்றும் கடம்பன் விடையளித்தான். மீறிப் போனால் தடுப்பவர் யார் என்று கேட்டதற்கு, ஒருவரும் இல்லை என்றும், அடுத்து வருபவர் கால் கழுவ ஆளின்றி நிற்பார், பாலம் கட்டிய நாள்முதல் அப்படி நடந்ததில்லை, அவ்வளவே என்றும் கூறினான்.

மறுநாள் விடியலில் சாத்தி எழினியை ஒரு மலைவிளிம்புக்கு அழைத்துப்போனாள். பள்ளம் முழுவதும் மேகம் பால் பொங்குவதுபோல் பொங்கி, அவர்கள் காலடிக்குக் கீழே வந்து நின்றது. முதுகுப்புறம் கதிரவன் எழ, எழினியின் நிழல் அந்த மேகத்தின் மேல் நீண்டு விழுந்தது. அந்த நிழலின் தலையைச் சுற்றி ஏழு நிறத்தில் ஒரு வளையம் மகுடம்போல் ஒளிர்ந்தது. எழினி கையெடுத்துக் கும்பிட்டான். பக்கத்தில் சாத்தியின் நிழலில் மகுடம் இல்லை. இது அரச ஊழியனுக்குக் கிடைத்த பேறு என்று உள்ளூர மகிழ்ந்து அவளிடம் சொன்னபோது, அவள் தன் தலையில்தான் வளையம் இருக்கிறது, அவன் நிழல் வெறுமையாக இருக்கிறது என்றாள். இருவரும் நெடுநேரம் வாதாடினர். விறகு சுமந்து வந்த ஒருத்தியை நடுவராக நிறுத்தினர். அவள் பார்த்துவிட்டு, வளையம் தன் தலையில் இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டாள். தேவியாரே, அங்கே நிற்பவர் யாராயினும் தம் மகுடத்தைத் தாமே காண்பர், பிறர் காணார். இருபது ஆண்டுகளாக நாடெங்கும் சுற்றிய எழினி இதைப்போல் ஒன்றைக் கண்டதில்லை.

மூன்றாம் நாள் சாத்தி புறப்பட்டாள். வெண்ணியின் நிலையை அவளிடம் சொல்லி, தை பிறக்குமுன் வரமுடியாது, எப்போது வருவேன் என்றும் தெரியாது என்று வீட்டில் உரைக்குமாறு எழினி வேண்டிக்கொண்டான். பிறகு நாள்தோறும் விறகு பொறுக்கினான், பானைக்கு அடியில் தீ அணையாமல் பார்த்தான், பாலத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தான். ஒருவரும் வரவில்லை. பார்க்கத்தக்கது யாதும் இல்லை என்று எழுதி வைத்த நாட்டுக்கு யார் வருவார்? தன் எழுத்தே தனக்கு வினையாயிற்று என்று அன்று உணர்ந்தான். இருபதாம் நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு பாலத்தின் நடுவரை போனான். தடுப்பார் ஒருவருமில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் பானையில் நீர் கொதிக்கும் ஓசை காதில் விழவே திரும்பிவிட்டான்.

தேவியாருக்கு ஓலை விடுத்தால் ஒரு வீரன் ஆணைக்குக் கட்டுப்பட்டு வந்து சேர்வான் என்ற எண்ணமும் எழாமலில்லை. அந்த வீரனின் வீட்டிலும் ஒருத்தி இருப்பாளே என்று எண்ணி எழுத்தாணியைக் கீழே வைத்தான்.

நாற்பத்திரண்டாம் நாள், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்கையில், பாலத்தின் மேல் ஓர் உருவம் தள்ளாடி வந்தது. வந்தவள் சாத்தி. பாதங்கள் வெடித்துக் குருதி கசிந்தன. நீள்மதில் நகர்வரை போயிருக்கிறாள். எழினியின் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். நிறைவயிற்றோடு வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்த வெண்ணியிடம் குடிக்க நீர் வாங்கிக் குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பியிருக்கிறாள்.

அவள் கல்லில் அமர்ந்து கால்களை நீட்டிச் சொன்னாள்: "நீங்க சொல்லச் சொன்ன சேதியச் சொல்ல எனக்கு வாய் வரலை. நீங்களே போய்ச் சொல்லுங்க."

அவன் கழுவினான். எந்த இடத்தில் வலிக்கும் என்று அவன் கைக்குத் தெரிந்திருந்தது. நீரோடு கண்ணீரும் விழுந்தது. போய்வந்தவளே மீண்டும் விருந்தினள் ஆகலாமோ என்று கடம்பனைக் கேட்டபோது, பாலம் கடந்து வந்தவர் விருந்தினரே, இப்படி ஒருவர் திரும்பி வருவார் என்று தங்கள் முன்னோர்க்குத் தோன்றவில்லை போலும் என்று அவனும் கண் துடைத்தான். இனி எவ்வளவு காலமோ என்று எழினி வருந்த, அந்த வளையத்தை இன்னும் சில நாள் பார்த்துவிட்டுப் போவதாகச் சாத்தி சொல்லிவிட்டாள். மழைக்காலம் முடியும்வரை அங்கே வளையம் தோன்றாது. அவளுக்கும் அது தெரியும்.

எடைபோட்டு உரைக்கப் பணித்தருளினீர். துளிநாடு செல்லத்தக்கது. ஆயினும் தேவியார் எழுந்தருளினால் நடந்தே செல்லவேண்டும். சாத்தி தம் கால் கழுவ, பின் தாம் அப்பானையருகே அமர்ந்து, அடுத்து வருபவர் உப்பு விற்பவராயினும் அவர் கால் கழுவும்வரை அரியணை காலியாக இருக்கவேண்டும். இதனை ஏற்பதும் மறுப்பதும் திருவுள்ளம். யாரையும் ஆணையிட்டு அனுப்பவேண்டாம். தேவியார் செல்லாவிடில், குழந்தையின் முகம் பார்த்தபின் பங்குனியில் எழினி தானே செல்வான். வெண்ணி மறுக்கமாட்டாள், அவள் நீர் கொடுத்த பெண்ணுக்காக அல்லவா. திருமுன் வந்து நிற்குமுன் தன் வீட்டு வாசலை மிதிக்க விடை வேண்டுகிறான்.

சாவடிக் காவலர்க்கும் வழிநூல் எழுதுவார்க்கும் பெருவழிநாயகத்தின் ஆணை: வடக்கே துளிநாடு செல்வோர் எவராயினும் தடுக்காமல், அட்டைக்கு ஒரு பிடி உப்பும் வழிக்குச் சோறும் தந்து விடுக. வழிநூலின் கடைசி ஏட்டைக் களைந்து, புதிய ஏட்டில் இவ்வாறு எழுதிச் சேர்க்க: 'துளிநாடு: பாலத்தருகே ஒருத்தி காத்திருக்கிறாள்.'

இது பெருவழி முத்திரை. இவை மருதன் எழினி எழுத்து.