நாற்று விட்டது யார் என்று கேட்டேன்

என் பிரியத்துக்குரிய ஆரோக்கியம்,

கல்லறைத் திருநாளுக்கு உன் தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்ற நான் வரவில்லை. நீ செத்த அன்றும் வரவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கடைசி ஒன்பது வருஷம் நீ என்னோடு பேசவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் முழுசாக மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் இதை உனக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உன் வயலில் கதிர் வந்துவிட்டது. இந்த வருஷம் மழை அளவாகப் பெய்தது, பயிர் முழுகவும் இல்லை, சாயவும் இல்லை. உன் பிலோமினா நேற்று போனில் சொன்னாள்: "அண்ணே, இப்படி ஒரு வெள்ளாமையப் பாக்க உங்க ஃப்ரெண்டுக்குக் குடுத்து வைக்கல. தை பாதியில அறுப்பு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நாம் மானுடவியல் எம்.ஏ. முடித்த காலம் நினைவிருக்கிறதா? நாடு கதவைத் திறந்துவிட்டது, இனி எல்லோருக்கும் வேலை என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. கதவு யாருக்குத் திறந்தது என்பது வேறு கதை. நீ கீழ்வேளூர்ப் பக்கம் வாத்தியார் வேலைக்குப் போனாய். நான் முனைவர் பட்டத்துக்கு உன் ஊரையே எடுத்துக்கொண்டேன். யார் நிலம், யார் உழைப்பு என்பதுதான் தலைப்பு. முதல் மாதம் முழுக்க எனக்குக் கிடைத்தது பொய் மட்டும்தான்.

நீதான் வழி சொன்னாய். "நெலம் யாருது, யாரு பயிர் வைக்கிறாங்கன்னு கேக்காதடா. கேட்டா பட்டாவுல இருக்குற பேரத்தான் சொல்லுவாங்க. நாத்து விட்டது யாருன்னு கேளு. அதுக்கு எவனும் பொய் சொல்லமாட்டான்."

அந்த ஊர் நிலத்தில் பாதி, சென்னைக்குப் போய் அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போன ஒரே குடும்பத்துடையது. குத்தகை எல்லாம் வாய்வார்த்தை. உன் அப்பா காலத்திலிருந்து நீங்கள் பயிர் வைத்த ஆறு மா நிலமும், சுமார் இரண்டு ஏக்கர், அப்படித்தான். குத்தகைக்காரர் பேர் அரசாங்க ஏட்டில் ஏறினால் அவருக்கு உரிமை வந்துவிடும் என்று நிலக்காரருக்குப் பயம். பேரை ஏற்றச் சொல்லிக் கேட்டால் நிலமே போய்விடும் என்று உங்களுக்குப் பயம். உன் கேள்வி அந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் புகுந்து உண்மையை எடுத்து வந்தது. எட்டு நோட்டுப் புத்தகம் நிறைந்தது. பாதிக்கு மேல் உன் கையெழுத்து.

பட்டம் வந்தது, வேலை வரவில்லை. ஒரே துறையில் மூன்று முறை நேர்காணல் போனேன். மூன்றாவது முறை துறைத்தலைவரின் அக்கா மருமகனை எடுத்தார்கள். அவன் அன்று போட்டிருந்த சட்டையின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை.

அப்புறம்தான் பெங்களூர். வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கவனிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒரு கம்பெனி தேடியது. யூ.எக்ஸ். ரிசர்ச்சர் என்று பேர். ஜனங்கள் போனை எப்படிப் பிடிக்கிறார்கள், எந்த இடத்தில் விரல் தயங்குகிறது, எதைப் படிக்காமலே அழுத்துகிறார்கள் என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். அதே வேலைதான், சம்பளம் மட்டும் உண்டு என்று உன்னிடம் பெருமையாகச் சொன்னேன்.

"கேட்டுட்டு என்ன பண்ணுவீங்க?" என்றாய்.

"பொருள இன்னும் நல்லா பண்ணுவோம்."

"யாருக்கு நல்லா?"

நான் கோபப்பட்டேன். அன்றே உன் வீட்டில் இருந்த நோட்டுப் புத்தகங்களையும் பெட்டியில் வைத்துக் கட்டினேன். "அது ஊர்க்காரங்க நம்பிச் சொன்னது. ஊரைத் தாண்டக் கூடாது. எடுத்துட்டுப் போக ஒனக்கு யாருடா உரிமை குடுத்தா?" என்று வாசலில் நின்று கத்தினாய். பிலோ உன் கையைப் பிடித்து இழுத்தாள். அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருஷம் எங்களிடம் ஒரு செயலி வந்தது. வெள்ளத்தில் பயிர் போனால் நிவாரணம் பட்டாக்காரருக்குப் போகாமல் பயிர் வைத்தவருக்கே போகவேண்டும், அதற்காகப் பயிர் வைத்தவர்களைப் பதிவு செய்வது. நல்ல காரியம்தானே? சோதனையில் மாட்டிக்கொண்டது. 'சாகுபடி செய்பவர் பெயர்' என்ற இடத்தில் எல்லோரும் நிலக்காரர் பேரையே சொன்னார்கள். கம்பெனியே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் அந்த வரியை அடித்துவிட்டு, 'இந்த வயலுக்கு நாற்று விட்டது யார்?' என்று எழுதினேன். உண்மை கொட்டியது. கை தட்டினார்கள், ஆரோக்கியம். உன் கேள்விக்கு எனக்குக் கை தட்டினார்கள்.

அடுத்த கூட்டத்தில் திரையில் ஒரு படம் போட்டார்கள். பதிவு முடிந்ததும் அதிலிருந்து ஒரு அம்புக்குறி வெளியே போனது. எங்கே போகிறது என்று கேட்டேன்.

"லேண்ட் ஓனருக்கு ஒரு மெசேஜ் சார். வெரிஃபிகேஷனுக்கு," என்றான் மேலாளர். என் வயதில் பாதி.

"அது போகக் கூடாதே. அங்க குத்தகை எல்லாம்..."

"சார், அது உங்க ஸ்கோப்ல இல்ல."

நான் டீயைக் குடித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அந்த அம்புக்குறியைப் பார்த்த பிறகுதான், ஆவணியில், முதல் பதிவுகளுக்கு உன் ஊரைத் தேர்ந்தெடுத்தேன். என்னை அங்கே நம்புவார்கள் என்று அறிக்கையில் எழுதிக்கொடுத்தேன். நீடாமங்கலம் தாண்டியதும் ரயிலின் இரண்டு பக்கமும் நாற்றங்கால் பச்சை. உன் வீட்டில் காப்பி குடித்துவிட்டு வரப்பில் போய் நின்றோம். போனில் செயலி அந்தக் கேள்வியைக் கேட்டது. பிலோ சிரித்தாள்.

"இதென்ன கேள்வி? நாந்தான் விட்டேன். அவரு இருந்தவரைக்கும் அவரு." வயலோடு சேர்த்துப் படம் எடுத்தாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "இது வேற யாருக்கும் தெரியாதுல்லண்ணே?"

"தெரியாது," என்றேன்.

"அப்புறமென்ன? வாங்கடி, அண்ணன் நம்மாளுதான்," என்று பின்னால் நின்ற பெண்களைக் கூப்பிட்டாள். ஒவ்வொருத்தியாக வந்து அழுத்தினார்கள்.

கார்த்திகை கடைசியில் நிலக்காரருடைய காரியஸ்தர் வரப்பில் நடந்தாராம். எந்தக் காலத்திலும் வெயிலில் இறங்காத மனுஷன். ஒவ்வொரு வயலையும் போனில் படம் எடுத்துக்கொண்டாராம். பிலோவிடம் மரியாதையாகப் பேசியிருக்கிறார். "பயிர் நல்லா வந்துருக்கும்மா. நல்லபடியா அறுங்க. அறுத்துட்டு ஒரு எட்டு வந்து பாருங்க." மற்ற பெண்களிடமும் இதே வார்த்தைகள். புதுக்காரில் வந்தார், காப்பித்தூள் கொடுத்துவிட்டுப் போனார் என்று இவள் எனக்குச் சந்தோஷமாகச் சொல்கிறாள்.

நிற்கிற பயிரில் யாரும் கை வைக்கமாட்டார்கள். குத்தகைக்கு ஆள் மாற்றுவதெல்லாம் அறுப்புக்கும் சித்திரைக்கும் இடையில்தான். உன் பக்கத்து வழக்கம் அது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். அதனால்தான் அந்த வயல் ஒவ்வொரு நாளும் பழுப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. ஊரே நல்ல அறுப்புக்கு ஜெபம் செய்கிறது. நான் ஒருத்தன் மட்டும் அது முற்றக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன். கதிர் அறுக்கும் மெஷினுக்குச் சொல்லியாகிவிட்டதாம்.

நீ என்னோடு பேசிக்கொண்டிருந்தால் அந்தக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்திருப்பேனா? பழியில் பாதியை உன் மேல் போட எத்தனையோ நாள் முயன்று பார்த்தேன். நிற்கவில்லை.

பெட்டியைத் திறந்தேன். மூன்றாம் நோட்டில், உன் கையெழுத்தில், உன் அப்பா பேர். அந்த ஆறு மாவுக்கு நேராக, வருஷத்துக்கு வருஷம், நாற்று விட்டது அவர் என்று இருக்கிறது. கடைசி இரண்டு வரிகளில் உன் பேர். முப்பது வருஷத்துக்கு முந்தைய மை. தாலுகா ஆபீசில் அதற்கு மதிப்பு இருக்குமா, தெரியாது. சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.

நாளைக் காலை ரயிலில் கிளம்புகிறேன். வாக்குக் கொடுக்கிறேன், ஆரோக்கியம். மெஷின் வயலில் இறங்குவதற்கு முன்னால், அதே வரப்பில் நின்று, 'தெரியாது' என்று நான் சொன்னது பொய் என்று பிலோவிடம் சொல்வேன். அன்றைக்கு அழுத்திய ஒவ்வொருத்தியிடமும் சொல்வேன். எட்டு நோட்டையும் பிரித்து, அவரவர் வீட்டுப் பக்கத்தை அவரவர் கையில் கொடுப்பேன். அதைக் காட்டுவதா, அடுப்பில் போடுவதா என்பது அவர்கள் முடிவு. எந்த ஆபீசில் கூப்பிட்டாலும் சாட்சியாக என் பேரைப் போட்டுக் கையெழுத்துப் போடுவேன். வேலை போகும், போகட்டும்.

பிலோ என்னை வாசலில் ஏற்றாவிட்டால் உன் கல்லறைக்கு வந்து உட்கார்ந்திருப்பேன். அப்போதாவது பேசு.

நாளை மறுநாளும் உன் மனைவி 'அண்ணே' என்று கூப்பிடுவாளா என்று தெரியாத,
உன் மச்சான்
ராஜேந்திரன்