ஆயிரத்து எண்பத்தேழு

அன்புள்ள ஊசலுக்கு,

உன் பழைய ஸ்டாப்வாட்ச் எழுதிக்கொள்வது. நீயும் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால் பேனாவை எடுத்தேன்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பிசிக்ஸ் மூன்றாமாண்டுப் பிள்ளைகள், “இதைப் படிச்சு நாங்க என்ன மேடம் ஆகப்போறோம்?” என்று உன்னைத் துளைத்தெடுக்கிறார்களாம். ஒரு பக்கம் எழுதி அனுப்பு, வகுப்பில் வாசிக்கிறேன் என்று கேட்டிருந்தாய். எழுதினேன்டி. நம் செட்டில் வானிலை நிலையத்துக்குப் போனவள், பேங்க் பரீட்சை எழுதி உட்கார்ந்தவள், சாஃப்ட்வேருக்குத் தாவியவள், லென்ஸ் தொழிற்சாலையில் மேலாளராக இருக்கும் நம் கடைசி பெஞ்சுத் தூங்குமூஞ்சி, ஒருவரையும் விடவில்லை. கடைசியில் என்னைப் பற்றி நாலு வரி. புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு இயந்திரத்தை அளந்து பார்ப்பவள். டாக்டர் எழுதிக் கொடுக்கும் அளவு நோயாளியின் உடம்புக்குக் கூடாமல் குறையாமல் போகிறதா என்று கவனிப்பவள். வாசித்துப் பார்த்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. நேற்று அதைக் கிழித்துப் போட்டேன்.

பயமாக இருக்கிறது. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் வருஷம் நாம் செய்த ஊசல் சோதனை ஞாபகம் இருக்கிறதா? புவியீர்ப்பு அளவு 981 வர வேண்டிய இடத்தில் நமக்கு 1087 வந்து நின்றது. நீ ஆட்டத்தை எண்ணினாய், நான் ஸ்டாப்வாட்ச் பிடித்தேன், அன்றைக்கு ஒட்டிய பேர் இன்னும் போகவில்லை. மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் அதே 1087. மணி அடிக்கப் போகிறது என்று நூலின் நீளத்தை நூறு சென்டிமீட்டரிலிருந்து தொண்ணூறாக்கி எழுதினேன். விடை சமர்த்தாக 978 என்று வந்து உட்கார்ந்தது. மேடம் வெரி குட் போட்டார். “வரவழைக்கிறது” என்று அதற்கு நாம் பேர் வைத்திருந்தோம். மூன்று வருஷமும் எத்தனை வரவழைத்தோம்! நீ லேபில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்து எழுதினாய்: குண்டை விட்டதும் “பூஜ்யம்” என்று சொல்லியிருக்க வேண்டும், எண்ணிய நீ “ஒண்ணு” என்று தொடங்கியிருக்கிறாய், இருபது ஆட்டம் என்று நாம் நினைத்தது பத்தொன்பதுதான். அதைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன், பாவி நான்.

இப்போது கேள். இரண்டு வாரத்துக்கு முந்தைய திங்கட்கிழமை, மாதச் சோதனை. தண்ணீர்த் தொட்டியில் கருவியை வைத்து இயந்திரத்தை அளந்தேன். நூறு வர வேண்டும், இரண்டு கூடக்குறைய இருக்கலாம். நூற்றுநான்கு வந்தது. மறுபடி அளந்தேன், நூற்றுநான்கு. வெளியே பெஞ்சு நிறைய நோயாளிகள். தெர்மாமீட்டர்தான் பழசு, அதுதான் கழுத்தறுக்கிறது என்று முடிவு கட்டினேன். கணக்கில் சேரும் தண்ணீரின் வெப்பம் இருபத்தெட்டு என்று காட்டியதை இருபத்துமூன்று என்று எழுதினேன். காற்றழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்றி எழுதினேன். கணக்கு நூற்றொன்றரைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டேன். தயங்கக்கூட இல்லையடி. அத்தனை பழக்கம்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனசு கேட்காமல், புதுத் தெர்மாமீட்டரும் வேறொரு கருவியும் வைத்து அளந்தேன். நூற்றுநான்கு. தெர்மாமீட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. இருபத்திரண்டு பேருக்குப் பத்து நாளாக நாலு சதவீதம் கூடுதலாகப் போயிருக்கிறது.

தினமும் காலை எட்டு மணிக்கு முதலில் வருவது ஒரு தையல்காரம்மா. தொண்டையில் கட்டி. என் சட்டைப் பித்தான் தொங்குவதைப் பார்த்துவிட்டு, படுக்கையில் ஏறும் முன் அதைத் தைத்துக் கொடுத்தவர். வியாழக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு, “தொண்டையில நெருப்ப வெச்ச மாதிரி எரியுது கண்ணு, எல்லாருக்கும் இப்படித்தானா?” என்று கேட்டார். எல்லாருக்கும் இப்படித்தாம்மா என்றேன். அது உண்மைதான், இந்த சிகிச்சையில் எரியத்தான் செய்யும். ஆனால் அவர் எரிச்சலில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லலாம். சொல்லாமலும் போகலாம். இனி வரும் நாட்களில் அளவைக் குறைத்து ஈடுகட்டலாமா என்று பார்க்கவாவது டாக்டருக்குத் தெரிய வேண்டாமா?

இன்று விடிந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “நாளைக்குக் காலையில ஏழு மணிக்கே போய் மெஷினச் சரி பண்ணி வெச்சுடு. நூறு காட்டுச்சுன்னா யார் கேக்கப் போறாங்க?” என்றார். கெட்ட மனுஷன் இல்லை, உனக்கே தெரியும். என் வேலை போய்விடுமோ என்று அவருக்கும் பயம். முடியாததும் இல்லை, பத்து நிமிஷ வேலை. அதையும் வரவழைத்துவிடலாம்.

காலை பத்து மணிக்கு எங்கள் துறைத்தலைவர் வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்து, வெளியே போயிருக்கிறார், வந்ததும் கூப்பிடச் சொல்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை அதுவுமா என்ன அவசரமம்மா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று வாய் தவறி வந்துவிட்டது. உடனே, இல்லை, ரொம்ப அவசரம் என்றேன். அப்போதிலிருந்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவர் கூப்பிடாமலே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நடுநடுவே தோன்றுகிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தோன்றுகிறது.

ஒரு பக்கம் கேட்டாயே, ஊசல். இதையே வாசித்துக் காட்டு. என் பட்டப்பேரைக்கூட மறைக்க வேண்டாம். உன் லேபில் எந்தப் பிள்ளைக்காவது 1087 வந்தால், தயவுசெய்து மணி அடித்தாலும் அனுப்பிவிடாதே. பக்கத்தில் உட்கார்ந்து திரும்ப எண்ணு. பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும். தையல்காரம்மாவும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்.

போன் அடிக்கிறது. அவர்தான். எடுக்கப் போகிறேன்டி.

உன்
ஸ்டாப்வாட்ச்